பிறர் நோவும் நமது மூளையும்

முந்தல் புகையிரத நிலையத்தில் இறங்கி மேற்கே நோக்குவார்க்கு முதலில் தோன்றுவது ஏரி. ஏரிக்கு அப்பால் ஒடுங்கிய மணல் நிலம். அதற்கும் அப்பால் பெருங்கடல். ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் இவ்வேரியை வடக்கே புத்தளக் களப்போடும் தெற்கே சிலாபக் களப்போடும் இணைக்கின்றது. அம்மணல் நிலத்திலேதான் உடப்பு என்னும் ஊர் அமைந்துளது. கரைவலை இழுப்பதும், இழுக்குங்கால் அம்பாப் பாடுவதும், திரௌபதை அம்மன் கோவில் விழாவில் ஆண்டுதோறும் தீமிதிப்பதும் இவ்வூரார்க்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கங்கள். நமது கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர் ஒருவர் விடுத்த கடிதம் எம் கையை வந்தடைந்தபோது, யாம் அத்தீமிதிப்பைக் கண்டு மீண்டு இரண்டு நாளே ஆகியிருந்தது. ஆகலின் பழைய விடுதிக் கதைகளை எழுதும் எண்ணத்தைக் கைவிட்டு, அங்கே கண்ட ஒன்றைப் பற்றியே எழுதத் துணிந்தோம். விடுதிக் கதைகளை எம்மினும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர்.

தீக்குழியின் ஓரத்தில் எமக்கு அருகே ஒரு தாய் நின்றார். அவருடைய மகன் அவ்வாண்டே முதன்முதலாகத் தீயில் இறங்குகின்றான். பறையொலி உச்சத்தை அடைந்தது; இளைஞன் முதலடி வைத்தான். யாம் அவனைப் பார்க்கவில்லை. தற்செயலாக அத்தாயின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஈர மணலில் நின்ற அவர்தம் கால்விரல்கள் பத்தும் உட்புறமாகச் சுருண்டன. மகன் மறுகரை ஏறும் வரையில் அவை விரியவே இல்லை. பின்னர் அவர் எம்மை நோக்கி, “அவன் கால் சுடவில்லையாம், மாஸ்டர். என் கால்தான் சுட்டது” என்று சொல்லி நகைத்தார். அவருக்கு நாலு முழத்துக்கு அப்பால் வேடிக்கை பார்க்க வந்த வெளியூரார் சிலர் நின்றனர். கைப்பேசியிற் படம்பிடித்த அவர்தம் கைகள் சிறிதும் நடுங்கவில்லை.

அத்தாயின் சொல்லை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஸ்பெயின் நாட்டில் சான் பெட்ரோ மன்ரிகே என்னும் சிற்றூரிலும் ஆண்டுதோறும் யூன் 23ஆம் நாள் இரவு தீமிதிக்கும் வழக்கம் உண்டு. அங்கே தீயில் இறங்குவோர் தம் முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு இறங்குவர். கொன்வலிங்கா, சிகலாதாஸ் முதலிய ஆராய்ச்சியாளர் இவர்கள் மார்பிலும், சுற்றி நின்று பார்ப்போர் மார்பிலும் இதயத் துடிப்பை அளக்கும் கருவிகளைப் பூட்டினர். 2011இல் வெளியான அவ்வாய்வின் முடிவு இது: தீயில் நடந்தவனுடைய இதயத் துடிப்பு எவ்வாறு ஏறி இறங்கிற்றோ, அவ்வாறே கரையில் நின்ற அவன் சுற்றத்தார், நண்பர் ஆகியோரின் துடிப்பும் ஏறி இறங்கிற்று. அவர்கள் ஓடவில்லை, ஆடவில்லை. நின்ற இடத்தில் நின்றார்கள். அதே கரையில், அதே வெப்பத்தில், அதே காட்சியைக் கண்ட வெளியூர்ப் பார்வையாளரின் இதயமோ தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. உடப்பிலே யாம் எவர் மார்பிலும் கருவி பூட்டவில்லை; கால்விரல்களைப் பார்த்தோம், அவ்வளவே. ஆயினும் அவ்வாய்வைப் படித்தபோது அத்தாயும், கைப்பேசி ஏந்திய அக்கைகளும் ஒருசேர நினைவில் எழுந்தன.

இதே சிகலாதாஸ் என்பவர் மொரீசியசுத் தீவுக்கும் சென்றார். அங்குள்ள தமிழ் வழித்தோன்றல்கள் தைப்பூசத்தன்று வேல் குத்திக் காவடி எடுப்பதை நம்மவர் பலர் அறிவர். காவடி எடுத்து முடித்தவர்க்கும், உடன் நடந்து பார்த்தவர்க்கும், வேறொரு நாளிற் கூட்டுவழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்க்கும் ஆராய்ச்சியாளர் சிறிது பணம் கொடுத்து, அதனுள் விரும்பியதைப் பிறர் அறியாவண்ணம் கோவிலுக்கு ஈயலாம் என்றனர். வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டோரினும் காவடியோடு சென்றவர் மிகுதியாக ஈந்தனர். வேல் குத்தியவர்க்கும் உடன் நடந்தவர்க்கும் இதில் வேற்றுமை இல்லை. உடன் நடந்து நோவைக் கண்டவரும் குறைவாக ஈயவில்லை. 2013இல் இது வெளியாயிற்று. கண்ட நோவும் கையைத் திறக்கும் என்பது இதனால் விளங்கும்.

இனி, மூளைக்குள்ளே நிகழ்வது யாதெனப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டில் தானியா சிங்கர் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் இலண்டனில் 16 காதலிணைகளை அழைத்து ஓர் ஆய்வு நடத்தினர். பெண்ணைக் காந்தப் படக்கருவிக்குள் படுக்க வைத்து, ஆணை அருகில் இருத்தி, ஒரு சமயம் அவள் கையிலும் ஒரு சமயம் அவன் கையிலும் சுருக்கென்று மின் பாய்ச்சினர். எவர் கையிற் பாயப் போகின்றது என்பதை ஒரு வண்ணக் குறி அவளுக்கு அறிவிக்கும். அவன் முகம் சுளிப்பதை அவள் காணாள். தன் கையிற் பாய்ந்தபோது அவள் மூளையிற் பல பகுதிகள் எழுந்தன. அவன் கையிற் பாய்கின்றது என்று குறி காட்டியபோது அவற்றுட் சில மட்டும் எழுந்தன. நோவு உடம்பின் எவ்விடத்தில் உண்டாயிற்று, எத்தன்மைத்து என்று கணக்கிடும் தொடுபுலப் பகுதி அமைதியாகவே இருந்தது. ‘ஐயோ’ என்று உள்ளம் பதைப்பதற்குத் துணைநிற்கும் பகுதிகளோ இரு பொழுதிலும் எழுந்தன. நோவைப் பெயரும் முகவரியுமாக இரு கூறாக்கி, முகவரியை விட்டுப் பெயரை மட்டும் மூளை வாங்கிக்கொள்ளும் போலும்.

அவ்வாறு எழுந்த பகுதிகளுள் முதன்மையானது, காதுக்கு உட்புறமாக மூளையின் ஆழ்ந்த மடிப்பினுள் மறைந்து கிடக்கும் ஒரு பகுதி. அதற்கு இன்சுலா என்று பெயர். இலத்தீன் மொழியில் அது தீவு எனப் பொருள்படும். மற்றையது சிங்குலேற் என்பது; மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் மேல் அரைக்கச்சைபோல் வளைந்து கிடப்பது. இன்சுலாவின் இயல்பான தொழில் யாதென அறியும்போது தமிழர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். வயிறு, குடல், இதயம், மூச்சு ஆகிய உள்ளுறுப்புகளிலிருந்து வரும் செய்திகளை வாங்கி, உடம்பின் உள்நிலை எப்படி இருக்கின்றது என உணர்த்துவது அதன் தொழில். பிறர் துன்பத்தைக் கேட்டால் நம்மவர் என்ன சொல்வர்? வயிற்றைப் பிசைகின்றது என்பர். பெற்ற வயிறு பற்றி எரிகின்றது என்பர். குலை நடுங்குகின்றது என்பர். காந்தப் படக்கருவி தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னரே நம் ஆச்சிமார் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டனர். இதனைக் கொண்டு, யாவும் முன்னோர் அறிந்தனவே எனப் பெருமை பேச யாம் முற்படவில்லை. அப்பேச்சினால் நம் மாணவர் அடைந்த நட்டம் போதும்.

இன்சுலாவும் சிங்குலேற்றும் நோவுக்கென்றே அமைந்தவை அல்ல. வியப்பு, அருவருப்பு, தவறுணர்தல் முதலிய பலவற்றிலும் அவை எழும். ஆகவே இரண்டு படங்களில் ஒரே இடம் ஒளிர்வதனால் இரு உணர்ச்சியும் ஒன்றெனத் துணிதல் கூடாது என்று மறுப்போர் உளர். அம்மறுப்பு நியாயமானதே. வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு வழி கண்டனர். மருந்தென நம்பவைத்து வெற்று வில்லை ஒன்றைக் கொடுத்தால், நம்பிக்கையினாலேயே நோவு குறைவதுண்டு. அவ்வாறு தம் நோவு குறையப்பெற்றவர், பிறர்க்கு மின் பாய்ச்சப்படுவதைக் கண்டபோது பிறர் நோவையும் குறைத்தே மதித்தனர். நம்பிக்கையால் நோவு தணியும் உடலியல் வழியை வேறொரு மருந்தால் அடைத்தபோது, பிறர் நோவு பற்றிய உணர்ச்சி மீண்டது. 2015இல் வந்த இவ்வாய்வே எமக்கு மிகுந்த வலுவுள்ளதாகப் படுகின்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு, நாம் தலையிடிக்கு விழுங்கும் பரசிற்றமோல் வில்லையும் பிறர் நோவைச் சிறிது மங்கச்செய்யும் என்று கூறிற்று. இதனைப் படித்து எவரும் தலையிடியோடு இருந்துவிட வேண்டாம்.

இவ்விடத்திற் கண்ணாடி நரம்பணுக்களைப் பற்றியும் சிறிது சொல்லியாதல் வேண்டும். இல்லையேல் மாணவர் கேட்பர். இத்தாலியின் பார்மா நகரில் ரிஸோலாட்டி குழுவினர் 1990களின் தொடக்கத்தில் குரங்கின் மூளையிற் சில அணுக்களைக் கண்டனர். குரங்கு ஒரு பொருளைத் தான் எடுத்தாலும், பிறர் எடுப்பதைக் கண்டாலும் அவ்வணுக்கள் துடித்தன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்காவிற் புகழ்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன் இவற்றுக்குக் காந்தி நரம்பணுக்கள் என்று பெயரிட்டு, மனித நாகரிகத்துக்கே இவைதாம் வித்து என்னும் அளவுக்குப் பேசினார். வெட்டுண்ட கைக்கு இருப்பதாகத் தோன்றும் நோவை ஒரு கண்ணாடிப் பெட்டியால் தணிக்கலாம் எனக் காட்டிய அவர்பால் எமக்கு மதிப்பு மிகுதி. கனடாவின் தொரந்தோ நகரிற் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரின் சிங்குலேற்றில், தம் விரலில் ஊசி குத்தினாலும் வைத்தியர் தம் விரலைக் குத்துவதைக் கண்டாலும் துடிக்கும் அணு இருந்தமை 1999இல் வெளியானதும் உண்மையே. ஆயினும் கண்ணாடி என்னும் அவ்வுவமை நம்மை ஏமாற்றுகின்றது. கண்ணாடி முன் எவர் நின்றாலும் உருத் தெரியும். மூளையோ ஆளைப் பார்த்தே உருக் காட்டுகின்றது. எம் கருத்தெல்லாம் இவ்வொரு செய்தியைப் பற்றியதே.

ஊசி ஒன்று பிறர் கையில் இறங்குவதைக் காணும்போது நம் கையில் அதே இடத்துத் தசைக்குச் செல்லும் கட்டளை தளர்ந்து உறைகின்றது என உரோமாபுரியில் அவெனாந்தி என்பவர் 2005இற் காட்டினார். இதற்கு அவர் அத்துணைக் கருவிகளைத் தேடியிருக்க வேண்டியதில்லை. அக்காலத்து வகுப்பறையில் ஒருவன் கையை நீட்டப் பிரம்பு விழும். மேசைக்கடியில் நாற்பது கைகள் மடங்கும். பழைய மாணவர் எவரும் இதற்குச் சாட்சி கூறுவர். 2010இல் அவர் இன்னும் ஒரு படி சென்றார். இத்தாலியில் வாழும் வெள்ளை நிறத்தாரையும் கறுப்பு நிறத்தாரையும் அழைத்து, வெள்ளைக் கையிலும் கறுப்புக் கையிலும் ஊசி இறங்கும் படங்களைக் காட்டினார். தன் நிறத்துக் கையில் இறங்கியபோது தசை உறைந்தது. மாற்று நிறத்துக் கையில் இறங்கியபோது உறையவில்லை. இஃது இரு நிறத்தார்க்கும் பொதுவாக இருந்தது. வழக்கமில்லாத நிறமாதலின் அவ்வாறு நிகழ்ந்தது என்று சொல்லலாமன்றோ? அதனையும் அவர் சோதித்தார். கத்தரிப்பூ நிறம் தீட்டிய கை ஒன்றைக் காட்டினார். உலகில் எவர்க்கும் இல்லாத நிறம் அது. அக்கையில் ஊசி இறங்கியபோது, பார்த்தவர் தசை உறைந்தது!

இதனை நாம் பன்முறை எண்ணிப் பார்த்தல் தகும். முன்பின் காணாத கைக்கு இரங்க மூளை ஆயத்தமாகவே இருக்கின்றது. அது இரங்க மறுப்பது, இவன் இன்னான் என்று முன்னரே நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கைக்கே. அன்னியம் தடையன்று, அன்னியனைப் பற்றி நாம் கற்ற பாடமே தடை.

இன்னொரு செய்தியும் உண்டு. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்து மொகில் குழுவினர் 2006இல் எலிகளை ஆராய்ந்தனர். ஒரு கூட்டில் வாழ்ந்த எலிகள் இரண்டும் நோவுற்றால், ஒன்றையொன்று கண்டு இரண்டும் கூடுதலாக நெளிந்தன. அன்னிய எலியைக் கண்டு அவ்வாறு நெளியவில்லை. 2015இல் அக்குழுவினரே இதன் காரணத்தைத் தேடினர். அன்னியன் அருகிருத்தலே உடம்புக்கு ஒரு பதற்றம். பதற்றத்தின்போது சுரக்கும் நீர் இரக்கத்தை அடைக்கின்றது. அச்சுரப்பை மருந்தால் தடுத்தபோது அன்னிய எலிகளும் ஒன்றுக்கொன்று நெளிந்தன. மனிதரிடத்தும், ஒருவரையொருவர் அறியாத இருவரைப் பதினைந்து நிமிடம் கூடி ஓர் இசை விளையாட்டு ஆடவிட்டு, பின்னர் இருவர் கையையும் பனிநீரில் அமிழ்த்தினர். ஆடியவர், தோழரைப் போலவே, ஒருவர் நோவை ஒருவர் உணர்ந்தனர். கடற்கரையில் ஒரே கயிற்றைப் பற்றி, ஒரே அம்பாவுக்கு அடி பெயர்த்து வலை இழுப்போரை விடியற்காலையிற் காணும்போதெல்லாம் இவ்வாய்வு எமக்கு நினைவு வரும்.

நோவை உணராதிருத்தல் யாண்டும் குற்றமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பழைய மாணவருள் வைத்தியர் பலர். தைவானில் ஊசி மருத்துவம் செய்வோரை 2007இல் ஆராய்ந்தபோது, ஊசி குத்தும் படங்களைக் கண்டு மற்றையோர் மூளை பதைக்க, இவர்கள் மூளையில் அப்பதைப்புத் தோன்றவில்லை. அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதியே எழுந்தது. கத்தி பிடிக்கும் கை பதைத்தால் நோயாளி பிழையான். சிங்கர் அம்மையாரும், பிறர் துன்பத்தைத் தானும் துய்த்துச் சோர்தலும், பிறர் நலம் விழைந்து எழுதலும் மூளையின் வெவ்வேறு வழிகளில் நிகழ்வன எனப் பிற்காலத்து ஆய்வுகளிற் காட்டினார். பின்னையது பயிற்சியால் வளரும் என்பதையும் கண்டார். நம் மொழியில் இதற்கு அண்மையான ஒரு பாகுபாடு உண்டு. திருவள்ளுவர் அன்புடைமையை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையை இருபத்தைந்தாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் செல்வது அருள் என்பது உரை மரபு. தீக்குழியருகே நின்ற தாயிடம் கண்டது அன்பு. அது கற்பியாமலே வரும். மற்றையது வருமிடத்தை நாம் தேட வேண்டியுள்ளது.

இவ்வளவையும் எழுதியது பிறிதொன்றைச் சொல்வதற்கே. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யாம் கொழும்பில் இருந்தோம். ஒரு சிங்களக் குடும்பத்தார் எம்மை இரண்டு நாள் தம் உள்ளறையில் ஒளித்துவைத்துச் சோறிட்டனர். தெருவில் எரித்தவரும், உள்ளே ஒளித்தவரும் ஒரே தெருவினர். அந்நாட்களில் நம்மவர் மேல் விழுந்த ஒவ்வோர் அடியும் எம்மேல் விழுந்ததாகவே இருந்தது. பல மாதம் உறக்கம் இல்லை. ஏழாண்டு கழிந்து 1990 ஒக்டோபரில் யாம் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தோம். அம்மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். யாம் படலைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். பெட்டியும் குழந்தையுமாக அவர்கள் போயினர். யாம் ஒன்றும் பேசவில்லை.

அஞ்சினோம் என்பது உண்மை. பேசியிருந்தால் எமக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் அறிவர். எனவே பேசாமையை இங்கு யாம் பெரிதும் நொந்துகொள்ளவில்லை. எம்மை வருத்துவது வேறு. அன்றிரவு யாம் உறங்கினோம். 1983இற் பிசைந்த வயிறு 1990இற் பிசையவில்லை. அவர்கள் போனது தெரிந்தது; தெரிந்த அளவில் நின்றுவிட்டது. அச்சத்தையும் மரத்துப்போனமையையும் வெவ்வேறாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். எலிகளைப் பற்றிய அவ்வாய்வைப் படித்த பின்னர், அச்சமே மரப்புக்குத் தாயாக இருந்திருக்கலாம் எனத் தோன்றுகின்றது. ஆயின் இவ்விளக்கம் எம்மை விடுவிப்பதற்கு அன்று. கத்தரிப்பூ நிறக் கைக்கு இரங்கும் மூளை, பக்கத்துத் தெருவாரின் கைக்கு இரங்கவில்லை என்றால், அவர்களைப் பற்றிக் காலங்காலமாக நம் திண்ணைகளிற் பேசப்பட்ட பேச்சும் அதற்குள் இருந்தது. நம்மவர் நோவுக்கு உருகும் நெஞ்சு மற்றையோர் நோவுக்கு மகிழவும் வல்லது. சூரிச்சு நகரத்து உதைபந்தாட்ட இரசிகரை 2010இல் ஆராய்ந்த கிரிட் ஹைன் அம்மையார், தன் அணியான் நோவைப் பாதி ஏற்க முன்வந்தவன் மாற்றணியான் நோவைக் கண்டபோது இன்பத்துக்குரிய மூளைப்பகுதி எழப் பெற்றிருந்தான் எனக் காட்டினார். ஆட்டம் முடிந்தால் வீடு செல்லும் இரசிகர்க்கே இந்நிலை என்றால், போரில் வாழ்ந்த நமக்கு எந்நிலை!

வெளியேறியோருட் பெரும்பாலோர் வந்தடைந்தது இப்புத்தள மாவட்டத்தையே. மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோப்புகளும் அவர்க்கு இடங்கொடுத்தன. பின்னர் நீருக்கும் தொழிலுக்கும் பாடசாலை இடத்துக்குமாக மனத்தாங்கல்கள் வந்தன என்பதும் உண்மை. வந்தவரும் இருந்தவரும் ஒரே மதத்தவராக இருந்தும் வந்தன. 2009இன் பின் சிலர் வடக்கே மீண்டனர். பலர் இங்கேயே வேரூன்றிவிட்டனர்.

யாம் மாற்றம் பெற்று இப்பகுதிக்கு வந்தது 2001ஆம் ஆண்டில். ஒருநாள் முந்தற் கடைத்தெருவில் ஒரு தையற்கடைக்குச் சென்றோம். துணியை அளந்த முதியவர் எம் பேச்சைக் கேட்டுத் தலையை உயர்த்தி, “மாஸ்டர் யாழ்ப்பாணமோ? எந்தப் பக்கம்?” என்றார். அவர் பேசியது நம் ஊர்த் தமிழ். ஓர் எழுத்தும் பிசகாத சோனகத் தெருத் தமிழ். கல்லூரியின் பெயரைச் சொன்னோம். “உங்கட பெடியளுக்கு எத்தனை வெள்ளைக் காற்சட்டை தைச்சிருப்பன்” என்று நகைத்தார். பின்னர் நாடாவைக் கழுத்திற் போட்டுக்கொண்டு, தைத்து முடித்து எவரும் வந்து வாங்காத ஏழு காற்சட்டைகளைத் தம் மேசைமேல் மடித்து வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவற்றுக்கு உரியவர்கள் கடைக்கு வந்து என்ன நினைத்திருப்பர் என்பதே அவர் கவலையாக இருந்தது. யாம் வீட்டுக்கு வந்து படுத்தோம். பதினோராண்டு பிந்தி எம் வயிறு பிசைந்தது.

செய்தி புதிதன்று, யாவும் முன்னரே அறிந்தவையே. ஏழு காற்சட்டையும் நம் ஊர்ச் சொல்லும் வந்து சேர்ந்தபோதுதான் மூளை வழிவிட்டது. ஹைன் அம்மையார் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கின்றது. மாற்றுக் குழுவைச் சேர்ந்த ஒருவன் தன் பணத்தை விட்டுக்கொடுத்துத் தம்மை நோவினின்றும் காத்தான் என்று கண்டவர்களின் இன்சுலா, அக்குழுவைச் சேர்ந்த வேறொருவன் நோவுக்கும் எழத் தொடங்கிற்று. மிகச் சில உதவிகளே அதற்குப் போதியனவாக இருந்தன. எம்மை ஒளித்துவைத்த சிங்களக் குடும்பத்தாரை எண்ணுகின்றோம். அவ்வுதவி எம்மைச் சிங்கள மக்கள்பால் என்றும் வெறுப்புக் கொள்ளாதவாறு செய்தது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் அஃது எட்டவில்லை. அடைத்த வேலி ஒன்றன்று, பல. ஒன்றைப் பிரித்தால் மற்றையது தானே விழுந்துவிடாது.

விழா நிதியைக் கொண்டு என்ன கட்டலாம் என்பது பற்றி இப்போது பல யோசனைகள் கூறப்படுகின்றன. வாயில் வளைவு வேண்டும் என்பார் சிலர். நீச்சற்குளம் என்பார் சிலர். யாம் அவற்றை எதிர்க்கவில்லை. அந்நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரை ஆண்டுதோறும் இரண்டு கிழமை இங்கு அனுப்புக என்று கேட்கின்றோம். அறநெறிச் சொற்பொழிவு கேட்க அன்று. கேட்டுக் கேட்டு அவர்கள் காது புளித்துவிட்டது. காலையில் கரைவலை இழுக்கட்டும். கயிற்றில் எவர் கை எவர் கைக்கு அடுத்தது என்று அங்கே எவரும் பார்ப்பதில்லை. மாலையில் வடக்கிலிருந்து வந்த முதியோர் வீடுகளுக்குச் சென்று, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி வந்து, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடட்டும். முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். நமக்கு நேர்ந்தவற்றை அவர்களும் கேட்பர், கேட்டால் சொல்லட்டும். எது பெரிய நோவு என்று நிறுத்துப் பார்க்கும் வழக்கைத் தொடங்குபவனை ஆசிரியர் அடுத்த புகையிரதத்தில் திருப்பி அனுப்பிவிடலாம்.

இது பழம்புண்ணைக் கிளறுவது என்று நண்பர் ஒருவர் எம்மிடம் கூறினார். எவருடைய புண் என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஆயின் அவர் கருத்தையும் இங்கு குறித்தல் முறை.

தங்குமிடத்துக்கு எம் வீட்டுத் திண்ணையும் பின்னறையும் உள. சாப்பாட்டுக்கு மீனுக்குக் குறைவில்லை. மரக்கறி உண்போர் முன்னரே அறிவித்தல் நலம். தையற்காரரிடமும் பேசிவிட்டோம். வயது எண்பதைக் கடந்துவிட்டது; கண் மங்கிவிட்டது; கடையை மகன் நடத்துகின்றான். பிள்ளைகள் வந்தால் இருந்து பேசுவதாக இசைந்தார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். வருமுன் அவர்கள் சோனகத் தெருவுக்குச் சென்று, அவர் கடை இருந்த இடத்துக்குப் பின்னால் நின்ற மாமரம் இப்போதும் நிற்கின்றதோ, காய்க்கின்றதோ என்று பார்த்து வந்து சொல்ல வேண்டுமாம்.